வெல்டிங் பழக: மெஷினை மாற்றுவதா, ராடை மாற்றுவதா, கண்ணாடியை மாற்றுவதா?

வெல்டிங் மெஷின் வாங்கிய முதல் மாதத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான் வருகிறது: மெஷினில் கோளாறோ? உரசினால் ராடு, அதாவது பூச்சுப் பூசிய வெல்டிங் கம்பி, இரும்பில் ஒட்டிக்கொள்கிறது. பிடுங்கினால் பூச்சு உதிர்கிறது. மறுபடி உரசினால் பொறி பறந்து அணைகிறது. ஒருவழியாக எரியத் தொடங்கினால் இரும்பின் மேல் எறும்புப் புற்று போல ஒரு மேடு எழுகிறது. சுத்தியலால் தட்டினால் அதுவும் கையோடு வந்துவிடுகிறது. கடைக்காரரிடம் போனால் பெரிய மெஷினைக் காட்டுகிறார். தெருமுனைப் பட்டறை அண்ணன் வேறு ராடு வாங்கச் சொல்கிறார். மாமா ஒருவர் ஐ.டி.ஐ. விண்ணப்பத்தோடு வந்து நிற்கிறார். கையிலுள்ள பணமும் ஞாயிற்றுக்கிழமைகளும் இவற்றில் ஏதோ ஒன்றுக்குத்தான் போதும்.

நான் முதலில் மெஷினை மாற்றினேன். புது மெஷினிலும் அதே புற்றுதான் வந்தது. ஒரு வயதான வெல்டர் நான் வேலை செய்வதைச் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, எதைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டார். "வெளிச்சத்தை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "வெளிச்சத்தைப் பார்த்தால் வெளிச்சம்தான் தெரியும். அதற்குப் பின்னால் இரும்பு குழம்பாக நிற்கிறதே, அதைப் பாருங்கள்" என்றார்.

அன்றிலிருந்து வெல்டிங்கில் எதை வாங்குவதானாலும், எங்கே கற்பதானாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: இது எனக்குக் குழம்பைத் தெளிவாகக் காட்டுமா? கீழே ஒப்பிடுவதெல்லாம் அந்த ஒரு தராசில் வைத்துத்தான்.

முதலில் கண்ணாடி

கையில் பிடிக்கும் ஸ்கிரீன், தலையில் மாட்டும் சாதாரண ஹெல்மெட், வில் (ராடு நுனிக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்பொறி) எரிந்ததும் தானே கருக்கும் ஹெல்மெட் என்று மூன்று வகை கிடைக்கின்றன. கையில் பிடிக்கும் ஸ்கிரீன்தான் மலிவு. பட்டறைகளில் பெரும்பாலும் அதையே காண்கிறோம். பழகியவருக்கு அது போதும். பழகுபவருக்கு அது ஒரு கையைப் பிடுங்கிக்கொள்கிறது. ஹோல்டரை ஒரே கையில் பிடித்தால் ராடின் நுனி ஆடும். நுனி ஆடினால் வில்லின் நீளம் மாறும். வில்லின் நீளம் மாறினால் குழம்பு ஒரு நிலையில் நிற்காது.

சாதாரண ஹெல்மெட்டில் இரு கைகளும் கிடைக்கின்றன. ஆனால் இருட்டில் ராடை எங்கே வைக்கிறோம் என்பது தெரியாது. தலையை ஆட்டி ஹெல்மெட்டை இறக்கும் அந்த நொடியில் நுனி அரை அங்குலம் நகர்ந்திருக்கும். தானே கருக்கும் ஹெல்மெட்டில் இந்தச் சிக்கல் இல்லை. நிழல் எண்ணையும் மாற்றிக்கொள்ளலாம். நாம் பழகும் 80 முதல் 130 ஆம்பியர் அளவுக்கு 10 அல்லது 11 பொருந்தும். எண் கூடக்கூட இருட்டு அதிகம். 12, 13 வைத்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று புலம்புவோரை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நாற்பதைத் தாண்டியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செய்தித்தாள் படிக்கக் கண்ணாடி தேவைப்படுகிறவருக்கு ஓரடி தூரத்தில் இருக்கும் குழம்பும் மங்கலாகத்தான் தெரியும். ஹெல்மெட்டுக்குள் படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு இந்த ஒரு மாற்றத்தில் வெல்டிங் கோடு நேராகியது.

ஸ்கிரீன் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு டாக் (துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் சின்னப் புள்ளி வெல்டு) வைக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. இமை அந்தப் புற ஊதாக் கதிரை நம்பிக்கையாகத் தடுக்காது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடு இரவில், கண்ணில் மணலை வாரிப் போட்டதுபோல உறுத்தும், நீர் வழியும், வெளிச்சம் ஆகாது. தாய்ப்பால், உருளைக்கிழங்கு வைத்தியமெல்லாம் வேண்டாம். கண் மருத்துவரிடம் போங்கள்.

மெஷினுக்கும் ஹெல்மெட்டுக்கும் இடையே பணத்தைப் பங்கிட வேண்டி வந்தால், நான் மெஷினை ஒரு படி குறைத்து ஹெல்மெட்டை ஒரு படி ஏற்றுவேன்.

மெஷின்: பழைய டிரான்ஸ்ஃபார்மரா, இன்வெர்ட்டரா?

ஆயிலில் ஊறிக் கிடக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினுக்குச் சாவே கிடையாது. காயில் கருகினால் மோட்டார் வைண்டிங் கடையில் மறுபடி சுற்றிக்கொள்ளலாம். ஆனால் நகர்த்த இருவர் வேண்டும்; பெரும்பாலானவை இரண்டு ஃபேஸ் கேட்கும்; வீட்டு இணைப்பில் ஓட்ட முடியாது. அதில் வருவது ஏ.சி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வில்லுக்குப் போகும் மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூச்சியத்தைக் கடக்கிறது. அதனால் அந்த வில் சற்று முரடு.

இன்வெர்ட்டர் தோளில் மாட்டிக்கொண்டு போகும் எடை. 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ் போதும். டி.சி. தருவதால் வில் அமைதியாக எரியும். தொடங்கும்போது மின்னோட்டத்தைச் சற்று ஏற்றிக்கொடுப்பது, ராடு ஒட்டினால் உடனே இறக்கிவிடுவது போன்ற வசதிகளும் பலவற்றில் உண்டு. குறையும் இல்லாமல் இல்லை: போர்டு போனால் பழுது பார்ப்பது கடினம். பக்கத்திலேயே கிரைண்டர் ஓட்டினால் அதன் ஃபேன் இரும்புத் தூளை உள்ளே இழுத்துத் தானே விஷம் குடித்ததுபோல முடித்துக்கொள்ளும். மலிவான சிலவற்றில் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் உள்ளே இருக்காது.

பழகுவதற்கு இன்வெர்ட்டர்தான். வில் அமைதியாக இருந்தால் குழம்பும் அமைதியாக நிற்கும், பார்க்க எளிது. ஆனால் அதில் பெரியது வேண்டுமா என்றால், வேண்டாம். மெஷினில் 30 சதவீதம், 60 சதவீதம் என்று ஓர் எண் இருக்கும். பத்து நிமிடத்தில் அந்த ஆம்பியரில் மூன்று நிமிடம், ஆறு நிமிடம் தொடர்ந்து எரிக்கலாம் என்பது அதன் பொருள். 10 கேஜ் ராடு ஒன்று எரிந்து தீர ஏறக்குறைய ஒரு நிமிடம். பிறகு பூச்சு உருகி மேலே உறைந்த கசடைத் தட்டி, பிரஷ் போட்டு, குனிந்து பார்த்து, அடுத்த ராடை மாட்ட மூன்று நிமிடம் ஆகும். ஆகவே 30 சதவீத மெஷினே பழகுபவருக்குத் தாராளம். தட்டிப் பார்க்காமல் ராடு ராடாக எரித்துத் தள்ளுபவருக்குத்தான் 60 தேவைப்படும். அவருக்கு மெஷின் அல்ல பிரச்சினை.

கையிலிருக்கும் மெஷினைக் குறை சொல்வதற்கு முன்னால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, எக்ஸ்டென்ஷன் ஒயர். 100 ஆம்பியரில் வில்லுக்கு ஏறக்குறைய 24 வோல்ட் வேண்டும், அதாவது 2.4 கிலோவாட். இழப்பையும் சேர்த்தால் சுவரிலிருந்து மூன்று கிலோவாட்டை ஒட்டி இழுக்கிறது. டேபிள் ஃபேனுக்கு வாங்கிய மெல்லிய ஒயரை முப்பது மீட்டர் இழுத்து அதில் மாட்டினால் வோல்டேஜ் வழியிலேயே கரைந்துவிடும்; ராடு ஒட்டாமல் என்ன செய்யும்? ஒயர் சுடுவதே இதற்குச் சாட்சி. இன்னொன்று, எர்த் கிளாம்ப், அதாவது மெஷினின் இன்னொரு ஒயரை இரும்போடு இணைக்கும் கவ்வி. பெயின்ட் மீதும் துரு மீதும் கடித்துக்கொண்டிருக்கும். கிரைண்டரால் பளபளவென்று தேய்த்த இடத்தில் கடிக்க விடுங்கள். மெஷினை மாற்றக் கிளம்பியவர்களில் பலருடைய தொல்லை இந்த இரண்டிலேயே தீர்ந்துவிடும். என்னுடையது பாதி தீர்ந்தது. அதற்குள் பழைய மெஷினை விற்றிருந்தேன்.

ராடு: இங்கேதான் உண்மையான முடிவு

கடையில் புதியவர் என்று தெரிந்ததும் 12 கேஜ், அதாவது 2.5 மில்லிமீட்டர் ராடை எடுத்துக் கொடுப்பார்கள். சின்ன ராடு, சின்ன ஆபத்து என்ற கணக்கு. என் அனுபவத்தில் இது தலைகீழ். மெல்லிய ராடு நுனியில் துவளும். குழம்பு ஒரு மிளகு அளவுக்குத்தான் இருக்கும். அதில் எது உலோகம், எது கசடு என்று பிரித்துப் பார்ப்பது தேர்ந்த கண்ணுக்கே வேலை. 10 கேஜ், அதாவது 3.15 மில்லிமீட்டர் ராடை 100 முதல் 120 ஆம்பியரில் எரித்தால் குழம்பு ஒரு பட்டாணி அளவுக்கு விரியும். அதன் ஓரம் தெரியும். பின்பக்கம் உறைவது தெரியும். எனவே முதல் பெட்டியாக 10 கேஜ் வாங்குங்கள். 12 கேஜ் பிற்பாடு மெல்லிய குழாய்களுக்கு.

அடுத்தது வகை. பெட்டியின் மேலிருக்கும் நான்கு இலக்கங்கள் அமெரிக்க வெல்டிங் சொசைட்டியின் குறியீடு. 6013 என்றால் முதல் இரண்டு இலக்கங்கள் இழுவலிமை, சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. மூன்றாவதாக வரும் 1, எல்லா நிலைகளிலும் ஓட்டலாம் என்று சொல்கிறது. கடைசி இலக்கம் பூச்சின் இனத்தையும் எந்த மின்னோட்டத்தில் ஓட்டலாம் என்பதையும் குறிக்கும். நம் ஐ.எஸ். 814 தரக் குறியீட்டையும் பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அதில் ஆர் என்ற எழுத்து ரூட்டைல் பூச்சு (6013 இந்த இனம்), பி என்ற எழுத்து பேசிக் பூச்சு (கீழே வரும் 7018 இந்த இனம்).

6013தான் நம்மூர் ராடு. எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஏ.சி.யிலும் டி.சி.யிலும் எரியும். உரசினால் பற்றிக்கொள்ளும், அணைந்தாலும் மறுபடி எளிதில் பற்றும். ஈரப்பதத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. பழகுபவர் ஒரு ராடைப் பத்து முறை அணைப்பார் என்பதால் இது பெரிய வரம்.

ஆனால் அதற்கு ஒரு கள்ளத்தனம் உண்டு. அதன் கசடு நீர்த்தது. ஆம்பியர் குறைந்தாலோ, வில் நீண்டாலோ, ராடின் சாய்வு தவறினாலோ கசடு குழம்பை முந்திக்கொண்டு ஓடி மூடிவிடும். அதுவும் செக்கச் செவேலென்று ஒளிரும். புதியவர் அதை உலோகம் என்று நம்பி நகர்ந்துகொண்டே போவார். ஆறிய பிறகு தட்டினால் கோட்டின் நடுவே கசடு புதைந்த குழி இருக்கும். வித்தியாசத்தைப் பிடிக்க வழி இதுதான்: வில்லை ஒட்டி, தண்ணீர்போல் பளபளத்து அலைவது உலோகம், அதற்குப் பின்னால், காய்ச்சிய பாலில் ஆடை படர்வதுபோல் வருவது கசடு. ஆடை முன்னால் வருகிறது என்று பட்டால் ஐந்து ஆம்பியர் ஏற்றுங்கள், ராடை இன்னும் நெருக்குங்கள், போகும் திசையில் 10 முதல் 15 டிகிரி சாய்த்து இழுங்கள். வில்லின் நீளம் ராடின் உள்கம்பி கனத்தைத் தாண்டக் கூடாது. 10 கேஜுக்கு அது வெறும் மூன்று மில்லிமீட்டர். புதியவர் பிடிப்பது எட்டு, பத்து. ராடு எரிந்து குறைந்துகொண்டே வருவதால் கை முன்னே போவதோடு கீழேயும் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இறக்கத்தை மறப்பதால்தான் பாதி வழியில் வில் நீண்டு, தெறிப்பு நாலாபுறமும் சிதறுகிறது.

7018 வேறு சுபாவம். கனமான, பின்தங்கியே வரும் கசடு, மென்மையான வில், குழம்பு திறந்து கிடக்கும். என் தராசில் இதற்குத்தான் அதிக மதிப்பெண் விழ வேண்டும். விழவும் செய்கிறது, ஆனால் எரிந்துகொண்டிருக்கும்வரைதான். அணைந்துவிட்டால் நுனியில் கண்ணாடிபோல ஒரு மூடி உறைந்துவிடும். அதை உடைக்காமல் மறுபடி பற்றாது. ஓங்கித் தட்டினால் பூச்சும் சேர்ந்து உடையும். வில்லைச் சற்று நீட்டினாலும் ஊசித் துளைகள் விழும். தொடங்க உயர்ந்த வோல்டேஜ் தேவைப்படுவதால் பழைய டிரான்ஸ்ஃபார்மர்கள் சிலவற்றில் அழிச்சாட்டியம் செய்யும். எல்லாவற்றுக்கும் மேல் இது வெல்டில் விரிசல் விழக் காரணமாகும் ஹைட்ரஜனை ஒதுக்குவதற்கென்றே செய்த ராடு. திறந்த பெட்டி சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரக் காற்றில் கிடந்தால் ஈரம் உறிஞ்சி, அதன் நோக்கமே கெட்டுவிடும். மறுபடி உலர்த்த 250 முதல் 350 டிகிரி வேண்டும். அதற்கென்றே தனி மின் அடுப்பு (ஓவன்) இருக்கிறது. இட்லிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்து வாட்டும் சமாச்சாரம் அல்ல.

அதனால் நான் சொல்வது: முதல் இரண்டு பெட்டி 6013. கோடு ஓரளவு நேரானதும் ஒரே ஒரு சின்னப் பெட்டி 7018 வாங்கி, பயிற்சிக்காக மட்டும் ஒரு மாலை முழுவதும் எரித்துப் பாருங்கள். குழம்பு என்றால் என்ன என்பது அன்றுதான் கண்ணில் பதியும். பிறகு 6013க்குத் திரும்பினால் அதன் கள்ளத்தனம் பிடிபட்டுவிடும். ஐந்தாறு மாதம் 6013 மட்டுமே ஓட்டியவரைவிட, இடையில் ஒரு மாலை 7018 பார்த்தவர் விரைவில் தேறுவதை நான் கண்டிருக்கிறேன்.

அமெரிக்கர்கள் பலர் 6010, 6011 ராடில் தொடங்குகிறார்கள். குழாய்ப் பாதை வேலைக்கு அவை நல்லவை. இங்கே சின்னக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. சிறிய இன்வெர்ட்டர்கள் பலவற்றால் 6010 வில்லைத் தாங்கவும் முடியாது. விட்டுவிடலாம்.

எதன் மேல் பழகுவது?

வீட்டில் கிடக்கும் 16 கேஜ் சதுரக் குழாய் மேல்தான் எல்லோரும் தொடங்குகிறோம். அது 1.6 மில்லிமீட்டர், ஒரு கணம் தாமதித்தால் ஓட்டை. ஓட்டைக்குப் பயந்து புள்ளி புள்ளியாக வைத்து அணைத்து வைத்து அணைத்துப் போவோம். கேட், கிரில் பட்டறைகளில் மெல்லிய குழாய்க்கு அப்படித்தான் செய்கிறார்கள், அங்கே அது சரியும்கூட. ஆனால் குழம்பு அரை நொடிக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை; அதை எப்படிப் பார்ப்பது?

பழைய இரும்புக் கடையில் 6 மில்லிமீட்டர் பட்டையை எடைக்கு வாங்குங்கள். துருவைத் தேய்த்துவிட்டு, சாக்பீஸால் கோடு போட்டு, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஓட்டுங்கள். இரண்டு பட்டைகள் இருப்பது நல்லது. ஐந்தாறு கோடு போட்டதும் பட்டை சூடேறி, அதே ஆம்பியரில் குழம்பு தானே அகலமாகும். கோடும் அழகாக விழும். அது உங்கள் திறமை என்று நினைத்துவிடாதீர்கள். மாற்றி மாற்றி ஆறவிடுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் வேண்டவே வேண்டாம். துத்தநாகப் புகையை உள்ளிழுத்தால் மாலையில் குளிர் காய்ச்சல் வந்து படுக்க வைக்கும்.

கோட்டின் அலைகளைப் படியுங்கள். பிறைபோல வளைந்திருந்தால் வேகம் சரி. அம்புமுனைபோலக் கூர்ந்திருந்தால் அவசரப்பட்டிருக்கிறீர்கள். இரு ஓரமும் அரித்துப் பள்ளமாயிருந்தால் ஆம்பியரோ வில்லின் நீளமோ அதிகம். கயிறுபோல மேலே உருண்டு நின்றால் ஆம்பியர் போதவில்லை.

ஐ.டி.ஐ.யா, பட்டறையா, வீட்டிலேயேவா?

தொழிலாகவே கொள்ளப் போகிறவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஐ.டி.ஐ.யின் வெல்டர் பிரிவு ஓராண்டு. கிடைக்கும் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. திருச்சிப் பக்கம் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. பெல் பாய்லர் ஆலையும் அதைச் சுற்றி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளும் அந்த ஊரையே வெல்டர்களின் ஊராக்கிவிட்டன. பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான் இருக்கிறது.

தோட்டத்துக் கதவையும் மாடிப் படியின் கைப்பிடியையும் தானே செய்துகொள்ள நினைப்பவரின் நிலை வேறு. பட்டறையில் போய் நின்றால் நிஜ வேலை பார்க்கலாம், டீ கிடைக்கும், வாய் நிறைய வசவும் கிடைக்கும். ஆனால் முதல் மாதங்கள் கிரைண்டர் பிடிப்பதிலும் குழாயைத் தாங்கிக்கொண்டு நிற்பதிலும் போய்விடும். வில் எரியும் நிமிடங்களை எண்ணினால் விரலுக்குள் அடங்கும். வீட்டில் தனியே பழகினால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முப்பது ராடு எரிக்கலாம்; முப்பது நிமிட வில். ஆனால் செய்யும் தவற்றைச் சொல்ல ஆள் இல்லை. தவற்றையே முப்பது முறை பழகிக்கொள்ளும் அபாயம் உண்டு.

நான் இரண்டையும் கலந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிய பட்டையைத் திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் அந்த வெல்டரிடம் காட்டுவேன். கசடைத் தட்டாமல் கொண்டுவரச் சொல்லியிருந்தார். கசடு எப்படி உறைந்திருக்கிறது என்பதிலேயே அவருக்குப் பாதிக் கதை தெரிந்துவிடும். இரண்டு நிமிடம் பார்ப்பார். ஒரு குறையை மட்டும் சொல்வார். அடுத்த வாரம் அந்த ஒன்றை மட்டும் திருத்துவேன். சம்பளம் வாங்கவில்லை; எப்போதாவது ஒரு பெட்டி ராடு வாங்கிக் கொடுப்பேன். வேடிக்கைக்காகவும் வீட்டு வேலைக்காகவும் பழகுபவருக்கு இதைவிடச் சிக்கனமான வழியை நான் பார்க்கவில்லை. அப்படி ஒருவர் அருகில் இல்லாவிட்டால் பட்டறையில் ஒரு மாதம் நிற்பது மேல். தனியே ஓராண்டு எரிப்பதைவிட அது நல்லது.

கோடா, மூட்டா?

பட்டை மேல் கோடு ஓட்டுவது எத்தனை நாள்? கோடு அழகானதும் நிறுத்திவிட்டு மூட்டுக்குப் போக வேண்டும். கோடு மேலே தெரிவதை மட்டும்தான் காட்டும். இரண்டு பட்டைத் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, இரு முனையிலும் டாக் வைத்து, ஒரு பக்கம் மட்டும் வெல்டு ஓட்டுங்கள். ஆறியதும் மறுபக்க டாக்குகளைக் கிரைண்டரால் அறுத்துவிட்டு, நிற்கும் துண்டை வெல்டு இருக்கும் பக்கமாகவே சம்மட்டியால் அடித்து மடக்குங்கள்.

முழுதாக மடங்கியும் உடையாவிட்டால் நல்லது. உடைந்தால் இன்னும் நல்லது, உள்ளே பார்க்கலாம். என் முதல் மூட்டு மூன்றாவது அடியில் கழன்றது. வெளியே மீன் செதில்போல அடுக்கடுக்காக அழகாக இருந்த வெல்டு அது. உள்ளே மூலையில் பட்டையின் வெட்டுத் தடம் அப்படியே, கிரைண்டர் கீறல்கூட அழியாமல் இருந்தது. உலோகம் அங்கே போய்ச் சேரவே இல்லை. இரண்டு சுவர்களிலும் ஒட்டிக்கொண்டு மூலைக்குப் பாலம் கட்டியிருந்தது, அந்தப் பாலத்துக்கு அடியில் நெடுகக் கறுப்புக் கசடு. 105 ஆம்பியரில் ஓட்டியிருந்தேன். 120க்கு ஏற்றி, ராடை மூலைக்குள் திணிப்பதுபோலப் பிடித்து, அடுத்த துண்டை எடுத்தேன். எட்டாவது துண்டு உடையவில்லை.